ரெஜினா அக்கா ஏன் தமிழருக்குப் படம் விற்கவில்லை

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் கையில் கடதாசி வெட்டும் பிளேட் இருந்தது. மேசையில் ரெஜினா அக்கா சாக்கு ஒட்டிச் செய்த தடித்த படம் மல்லாந்து கிடந்தது.

"மேக்க அரின்ன" என்றார். இதைத் திற என்று அர்த்தம்.

ரெஜினா அக்கா இரண்டு கைகளையும் படத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். தமிழைப் போலவே சிங்களமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று அவர் வாயில் தமிழ்தான் வந்தது.

"வேண்டாம் சேர். என்ட கையை வேணுமெண்டா வெட்டுங்கோ. இதை வெட்டாதேங்கோ."

நான் பக்கத்தில் நின்றேன். பிளேட்டைப் பார்த்து எனக்கு அதிர்ச்சி இல்லை. சற்று முன்னர்தான் என் படங்கள் இரண்டையும் அதே மேசையில், அதே பிளேட்டால் கிழித்திருந்தார்கள். மட்டையும் துணியும்தான் வந்தன. நான் மூச்சு விட்டேன். இவருடையதையும் கிழித்துப் பார்த்தால் எங்களை விட்டுவிடுவார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மனுஷி ஏன் வேண்டாம் என்கிறார்?

யுத்தம் நடந்த அந்த நாட்களில் விசாரணைக்கென்று உள்ளே போன தமிழர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு சாக்குத் துண்டுக்காகவும் பசைக்காகவும் யாராவது உயிரைப் பணயம் வைப்பார்களா? எனக்குக் கோபம்தான் வந்தது.

"அக்கா, கைய எடுங்கக்கா. இன்னொண்ணு செஞ்சுக்கலாம்" என்று காதருகே சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பல வருஷமாக ஒரே அறையில் வேலை செய்த முகம்தான். ஆனால் அந்தப் பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வெட்டுத்துண்டு கேட்டு வந்தவர்

நாங்கள் பசை காய்ச்சிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் இருவருக்கும் இந்த வேலையில் ஆசை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

என் ஆசையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்கள் குடும்பம் தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. துணிச் சுருள்களில் ஒட்டி வரும் பொன்னிற லேபல்களை உரித்து மட்டையில் ஒட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான். மயிலும் யானையும் கிரீடமும் போட்ட லேபல்கள். கணக்குப் பாடம் வராததற்கு அதுதான் காரணம் என்று அம்மா சொல்வார்.

ரெஜினா அக்கா அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் வந்தார். துணி வாங்க வரவில்லை, வெட்டுத்துண்டு கேட்டு வந்தார். கழித்துப் போடும் துண்டை ஒருவர் தேடி வருவதைக் கண்டு அப்பா சிரித்தார்.

"எதுக்கும்மா இது? தலையணைக்கு அடைக்கவா?"

"இல்ல ஐயா. படம் செய்ய."

நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அதைக் கலப்பு ஊடகம் என்கிறார்கள். கண்காட்சி அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் அதற்குப் பெயர் இல்லை. ஒட்டுப்படம் என்போம். துணி, சாக்கு, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள், பழைய மணிக்கூட்டின் பற்சக்கரம், மோட்டார் சுற்றும் கடையில் கழித்துப் போட்ட செப்புக் கம்பி, தண்டவாள ஓரத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்த ஆணி. கையில் கிடைத்ததெல்லாம் படத்தில் ஏறும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மாடி அறை ஒன்றை இருவரும் சேர்ந்து எடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது மேசையில் பசைச் சட்டி நகரும். நான் காலையில் ஒரு பாலர் பாடசாலையில் சித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு மத்தியானம் வருவேன். அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்.

அவருக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். தனியாக இருந்தார். கல்யாணம் செய்யாதவர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, அதில் மாதா சுரூபம், வேறொன்றும் கிடையாது. நான் கேட்டதில்லை. அந்தக் காலத்துக் கொழும்பில் ஒருவரிடம் வீடு, குடும்பம் என்று விசாரிக்கப் பயமாக இருக்கும். எந்தக் கேள்வி எந்தக் காயத்தில் போய் இடிக்கும் என்று தெரியாது.

அவரிடம் இருந்த இரண்டு பிடிவாதம்

படத்தின் அடிப்படலத்தை அவர் என் முன்னால் செய்ய மாட்டார். கொட்டாஞ்சேனை வீட்டிலேயே பலகை மேல் சாக்கு ஒட்டி, மூடி, காயவைத்துக்கொண்டு வருவார். அதற்கு மேலே வருகிற வேலைதான் எங்கள் அறையில் நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

மற்றது இன்னும் விநோதம். தமிழருக்குப் படம் விற்க மாட்டார்.

ஒரு கண்காட்சியில் வெள்ளவத்தைத் தமிழ் டொக்டர் ஒருவர் அக்காவின் நீலப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். வீட்டு முன்ஹோலுக்கு வேண்டும் என்றார். ரெஜினா அக்கா கைகூப்பி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அது குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டார். யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும். மறுநாள் அதே படத்தைக் கறுவாத்தோட்டத்துச் சிங்களப் பெண் டொக்டர் ஒருவருக்குக் கொடுத்தார். அங்கேதான் கொழும்பின் பெரிய வீடுகள் இருந்தன. அதற்கு முன் ஒரு படம் கடற்கரை ஹோட்டலுக்குப் போயிருந்தது. இன்னொன்று வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரின் வீட்டுக்குப் போனது.

"நம்ம ஆளுகளுக்கு ஏன்க்கா குடுக்க மாட்டேங்குறீங்க?" என்று ஒரு நாள் சண்டையே போட்டேன்.

"உன்ட இந்தியத் தமிழில சண்டை பிடிச்சா எனக்குச் சிரிப்புத்தான் வருகுது கமலா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பெரிய இடத்துப் பெருமை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தக் காலை

கோட்டைப் பக்கம் குண்டு வெடித்து ஒரு வாரம் ஆகியிருக்கவில்லை. பாடசாலைக்கு விடுமுறை என்பதால் காலையிலேயே அறைக்கு வந்திருந்தேன். அக்காவும் வந்துவிட்டார். ஒழுங்கையின் இரு முனைகளிலும் ஆமி டிரக் வந்து நின்றது. சுற்றிவளைப்பு.

அது எங்களுக்குப் புதிது இல்லை. அடையாள அட்டையையும் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்தோம். இளம் கொன்ஸ்டபிள் ஒருவர் மாடிக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார். சிரித்தார் என்றுகூட ஞாபகம். பிறகு அவர் கண் மேசைக்குப் போனது.

சுருள் சுருளாகச் செப்புக் கம்பி. திறந்து கிடந்த மணிக்கூடு. பற்சக்கரங்கள். ஒரு பேணி நிறைய ஆணி. பக்கத்தில் டோர்ச் பற்றரி.

அவருடைய முகம் வெளிறியதை நான் பார்த்தேன். "போம்ப!" என்று கத்திக்கொண்டு படிகளில் விழுந்தடித்து இறங்கினார். குண்டு என்று நினைத்துவிட்டார்.

அடுத்த நிமிடமே ஒழுங்கை முழுவதும் ஓட்டம். வீட்டுக்கார அம்மா இரவுச் சட்டையுடனே ஓடினார். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். எல்லோரையும் காலி வீதிக்குத் துரத்தினார்கள். எங்களை மட்டும் சுவரோடு நிறுத்தித் துவக்கை நீட்டினார்கள். சுவரின் ஈரம் என் கன்னத்தில் பட்டது.

எதிர்வீட்டு மாமி எங்களைக் கடந்து போனார். எத்தனையோ நாள் எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்தவர். எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இதுகளாலதான் எங்களுக்கு இவ்வளவு கஷ்டம்."

துவக்கைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

குண்டு பரிசோதிக்கிறவர்கள் வந்தார்கள். மேசையில் இருந்தது குப்பை என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் சுவரில் சாய்த்து வைத்திருந்த படங்களைத் தட்டிப் பார்த்தார்கள். படத்துக்கு இத்தனை தடிப்பு எதற்கு? உள்ளே என்ன? அதற்கு எங்களால் அவர்களுக்குப் புரிகிற மாதிரிப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரையும் மூன்று படங்களையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பிளேட்

இப்போது மீண்டும் அந்த மேசைக்கு வருகிறேன்.

பெண் கொன்ஸ்டபிள் ஒருவர் வந்து ரெஜினா அக்காவின் கைகளைப் பிடித்து விலக்கினார். முரட்டுத்தனமாக இல்லை. இன்ஸ்பெக்டர் பிளேட்டை ஊன்றிக் குறுக்கே இழுத்தார். காய்ந்த பசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஈயத்தாள் சுருண்டது. அதன் கீழே சாக்கு. அதன் கீழே பழைய பேப்பர். அதன் கீழே துணி.

விரலை விட்டு இழுத்தார். துணி விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டி இழுத்தார். சின்னதாக ஒரு கை வெளியே வந்தது. பஃப் வைத்த கை. பிறகு கழுத்து, பிறகு நெஞ்சுப் பக்கத்தில் நெருக்கமாகச் சுருக்கித் தைத்த தையல்.

ஒரு சிறுமியின் சட்டை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். பசை அதைத் தேயிலை நிறமாக்கியிருந்தது. பிளேட் அதன் நெஞ்சைக் குறுக்கே வெட்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "காகெத?" என்றார். யாருடையது?

"மகே துவகே" என்றார் ரெஜினா அக்கா. என் மகளுடையது.

மகளா? நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே படத்தில் அதற்கு முந்தின மாதம் ஓரிடத்தைத் தடவி, "இங்க மேடா இருக்குக்கா, அமுக்கி விட்டுரவா?" என்று நான் உள்ளங்கையால் அழுத்தியது நினைவுக்கு வந்தது. இப்போது தெரிந்தது, அந்த மேடு ஒரு பொத்தான். என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் புடவையில் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

இன்ஸ்பெக்டர் பிளேட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு நடைமுறை நடைமுறைதான். பொறுப்பான ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் எங்களை விடலாம் என்றார். தமிழரான எங்கள் அப்பாவின் கையெழுத்து அங்கே செல்லாது. நான் யோசித்து, நீலப் படம் வாங்கிய கறுவாத்தோட்டத்து டொக்டர் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

வாங்கில் கேட்டது

அவர் வரும்வரை எங்களை நீண்ட மர வாங்கில் உட்கார வைத்தார்கள். சட்டையை ஒரு பேப்பரில் சுற்றி அக்காவிடமே கொடுத்திருந்தார்கள். அவராகவே சொன்னார். என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கட வீடு பொரளைப் பக்கம். எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில தமிழற்ற வீடுகளோட அதையும் எரிச்சுப்போட்டாங்கள். நான் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததெண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தனான். அவரும் பிள்ளையும் வீட்டில."

பேப்பர்ப் பொட்டலத்தின் ஓரத்தை மடித்து அமுக்கினார்.

"பிறகு நான் முகாமில. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. ஒரு போட்டோ இல்லை கமலா. ஒரு செருப்பு இல்லை. எல்லாம் சாம்பல். எத்தினையாம் நாளெண்டு தெரியாது, எங்கட டோபி வந்தான். சிங்கள மனுசன். சைக்கிள்ள ஒவ்வொரு முகாமாத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தக் கிழமை நாங்கள் போட்ட உடுப்பு அவனிட்ட இருந்தது. 'நோனா, மே ரெதி', இந்தா உங்கட உடுப்பெண்டு பொட்டலத்தை நீட்டினான். மற்ற ரெண்டு பேரும் எங்கயெண்டு கேட்டான். நான் சொன்னன். அவன் அப்பிடியே நிலத்தில குந்திட்டான்."

கழுத்துச் சங்கிலியின் சுரூபத்தை விரலால் தடவினார்.

"நான் முகத்தை வச்சு மணந்து பாத்தன். கஞ்சி மணந்தது. நல்லாத் துவைச்சுப்போட்டான், பாவி. துவைக்காமக் கொண்டு வந்திருந்தா பிள்ளையின்ட மணம் இருந்திருக்கும். அவனைத் திட்டேலுமே? அவன்ட வேலை அது."

எங்கள் அறையிலிருந்து போன படங்கள் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன.

"அப்ப எல்லாப் படத்துலயும்..."

"ஓம். ஒவ்வொண்டிலயும் ஒவ்வொண்டு."

"அதை ஏன்க்கா வித்தீங்க? வீட்டுல வச்சுக்கலாமே."

அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது தெரியாதா என்கிற பார்வை.

"எங்கட வீட்டில வச்சா அதையும் எரிப்பாங்கள். அடுத்த முறை வரும்தானே? தூதரக வீட்டை எரிப்பாங்களா? ஹோட்டலை எரிப்பாங்களா? கறுவாத்தோட்டத்தில அந்தப் பெரிய வீடுகளை ஆர் எரிக்கிறது? அதுதான் அங்க குடுத்தன். சும்மா சட்டையைக் குடுத்தா ஆர் வாங்கி வைப்பினம்? படமெண்டா சுவரில மாட்டுவினம். துடைப்பினம். பத்திரமா இருக்கும்."

தமிழ் டொக்டரை அவர் ஏன் திருப்பி அனுப்பினார் என்று எனக்கு அந்த வாங்கில்தான் புரிந்தது. நான் பெருமை என்று நினைத்திருந்தேன். அந்தக் கடலின் நீலம், அந்த ஈயத்தாளின் மினுக்கம், அதெல்லாம் என்ன அழகு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் ஒரு தாய் தன் பிள்ளையின் மேல் போர்த்திய போர்வைகள்.

திரும்பி வந்த நீலப் படம்

டொக்டர் அம்மா உடனே வந்தார். அதை நான் மறக்க மாட்டேன். வெள்ளைக் கோட்டுடன், பதற்றமாக வந்தார். கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் அவரிடம் வெட்டிய படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னார். டொக்டர் அம்மாவின் கை வாய்க்குப் போனது.

"ரெஜினா, என் வீட்டில் இருப்பதிலும்?" என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரெஜினா அக்கா சொல்லவில்லை. "அதில் என் கணவருடைய சேட்" என்றார்.

அடுத்த வாரம் டொக்டர் அம்மாவின் டிரைவர் வந்து, கட்டில் விரிப்பில் சுற்றிய நீலப் படத்தை இறக்கி வைத்தார். படம் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருந்ததாம். அம்மாவால் சாப்பிட முடியவில்லையாம். கோபிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம்.

டிரைவர் போனதும் நான் வெடித்தேன். படிச்சவங்களாம், பெரிய மனுஷங்களாம் என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"விடு. அவ வந்து கையெழுத்துப் போட்டவ. வராமலும் இருந்திருக்கலாம். பாவம், அவவும் பயந்திட்டா."

"எங்க வீட்டுல மாட்டுறேன்க்கா. அப்பாகிட்ட கேட்டுட்டேன்."

அக்கா என் கன்னத்தைத் தட்டினார்.

"உன்ட வீடும் என்ட வீடும் ஒண்டுதான் மோளே. ரெண்டும் ஒரே நெருப்பில எரியிற வீடு."

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்கார அம்மாவும் அறையை விடச் சொல்லிவிட்டார். ஒழுங்கையில் எல்லோரும் பயப்படுகிறார்கள் என்றார். பசைச் சட்டி, பலகை எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கே அக்காவின் ஒற்றை அறையில்தான் பிறகு வேலை.

ஒரே பலகை

அந்த அறையில் அவர் முதன்முறையாக அடிப்படலத்தை என் முன்னால் செய்தார். நீலப் படத்தைத் தண்ணீர் தடவித் தடவித் தானே பிரித்தார். வெள்ளைச் சேட் வந்தது. கொலர் இன்னும் விறைப்பாக இருந்தது. மஞ்சள் சட்டையின் வெட்டைச் சிவப்பு நூலால் தைத்தார். மறைத்துத் தைக்கவில்லை, கண்ணுக்குத் தெரியும்படியே தைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பலகையில் வைத்தார்.

"இவ்வளவு நாளும் பிரிச்சு வச்சிருந்தன். ஒரு வீடு போனாலும் மற்றது மிஞ்சுமெண்டு" என்றார். "காணும், போதும். இனி ஒண்டா இருக்கட்டும்."

சட்டையின் கை சேட்டின் மேல் விழுந்திருந்தது. எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதன்மேல் சாக்கை விரித்து நாங்கள் இருவரும் சேர்ந்து அழுத்தினோம்.

படம் முடிய மழைக்காலம் ஆகிவிட்டது. மேலே செம்மண் நிறம், ஆங்காங்கே செப்புக் கம்பி, நடுவில் ஈயத்தாள். பார்க்கிறவருக்கு மண்ணும் மழையும் மாதிரி இருக்கும். நிவாரண வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுத் தம்பதி அதைக் கேட்டார்கள். வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறார்களாம். உங்கள் ஊரில் சண்டை உண்டா என்று அக்கா கேட்டார். அந்தப் பெண் யோசித்து, எங்கள் தாத்தா காலத்தில் இருந்தது, இப்போது இல்லை என்றார். அக்கா உடனே படத்தைக் கொடுத்துவிட்டார்.

பெட்டியில் அடைக்கும் நாள் நானும் போயிருந்தேன். மரப்பெட்டி, வைக்கோல், ஆணி. அந்தப் பெண் பேனாவுடன் வந்து, பெட்டியின் மேல் எழுத வேண்டும், படத்தின் பெயர் என்ன என்று கேட்டார்.

அக்கா என்னிடம் தமிழில் சொன்னார்: "ரெண்டு பேர்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் உருவம் ஒன்றுமே கிடையாது. செம்மண்ணும் கம்பியும்தான். ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, தெரிகிறார்கள்! ஒருவர் பெரியவர். பக்கத்தில் சின்னதாக ஒருவர்."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஓம்" என்றார் ரெஜினா அக்கா. "கவனமாக் கொண்டு போகச் சொல்லு."